பெங்களூரு வீட்டில் வேலை நாய்: தேர்வு முதல் வளர்ப்பு வரை

பெங்களூருவில் சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் காலை ஆறு மணிக்கு நடந்தால் முன்பெல்லாம் லாப்ரடாரும் பக்கும்தான் கண்ணில் படும். இப்போது கறுப்பு முகமும் விறைத்த காதுமாக பெல்ஜியன் மாலினாய்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் அதை வாங்கியவர் பாதி ஓட்டத்தில் வருகிறார். காரணம் தெரிந்ததுதான். 2011-ல் அபோட்டாபாத்தில் பின்லேடன் இருந்த வீட்டுக்குப் போன அமெரிக்கப் படையுடன் கெய்ரோ என்ற மாலினாய்ஸ் இருந்தது. 2022-ல் காஷ்மீர் மோதல்களில் உயிரிழந்த நம் ராணுவ நாய்கள் ஆக்சல், ஜூம் இரண்டும் இதே இனம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு "இந்த மாதிரி ஒண்ணு வேணும்" என்று வருகிறவர்களைப் பார்க்காத நாய்ப் பயிற்சியாளர் இந்த ஊரில் இருக்க மாட்டார்.

வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. சரியான ஆளிடம் இருந்தால் வேலை நாயை, அதாவது மந்தை மேய்ப்பது, வேட்டை, காவல் என்று ஒரு வேலைக்காகவே உருவான நாயைப் போல ஒரு துணை கிடையாது. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது, அந்த நாய் என்ன செய்துகொண்டிருக்கும்? இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

முதல் வேலை: எந்த நாய் எதற்காக உருவானது என்று பாருங்கள்

நாயின் அழகு, உயரம், நிறம் எல்லாம் அப்புறம். நூற்றுக்கணக்கான வருடங்களாக மனிதன் அதை எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தான் என்பதுதான் உங்கள் வீட்டு ஹாலில் வெளிப்படும்.

மாலினாய்ஸ் பெல்ஜியத்தின் மெகலன் நகரப் பக்கத்து ஆட்டு மந்தை நாய். ஆண் நாய் 25 முதல் 30 கிலோ, பெண் 20 முதல் 25 கிலோ. ஜெர்மன் ஷெப்பர்டை விடச் சிறியது, ஆனால் இரண்டு மடங்கு வேகம் என்று தோன்றும். நகர்வதைத் துரத்தி வாயால் பிடிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஃப்ளாட்டில் நகர்வது என்றால் ஓடும் குழந்தையின் குதிகால், டெலிவரி பையனின் பேன்ட், பேஸ்மென்ட்டில் திரும்பும் ஸ்கூட்டர். கெட்ட நாய் என்பதால் கடிப்பதில்லை. அதற்குத் தெரிந்த வேலை அது.

பார்டர் கோலி கடிப்பதை விடக் கண்ணால் மிரட்டும். வேலை இல்லாவிட்டால் சுவரில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் மணிக்கணக்காகத் துரத்த ஆரம்பித்துவிடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பழகிவிட்டால் நிறுத்துவது பெரிய பாடு. ஹஸ்கி பனியில் வண்டி இழுக்க வந்த நாய். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளுகுளு ஊர் என்று சொல்லி விற்பார்கள். ஏப்ரல் மாதத்துப் பிற்பகலை அந்த நாய் எப்படிக் கழிக்கும் என்று விற்பவர் சொல்ல மாட்டார். டாபர்மேன் மனிதனோடு ஒட்டிக்கொள்ளும், நன்றாகக் கற்கும். இதயத் தசை நோய் அந்த இனத்தின் சாபம்.

நம்மூர் நாய்களை இந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பதே இல்லை. சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோள் மூன்றும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ராஜபாளையம் வேட்டையோடு காவலும் பார்க்கும். தேனிப் பக்கத்துக் கோம்பை காவலில் கறார். 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் முதோளும் இருந்தன. சிப்பிப்பாறையின் சுபாவம் மாலினாய்ஸுக்கு நேர் எதிர்: காலையில் மூச்சு முட்ட ஓடவிட்டால் மீதி நாள் முழுக்க சோபாவில் சுருண்டு கிடக்கும். ஆனால் ஒரு பூனை தெரிந்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும் போதும், அடுத்த தெருவில்தான் தேட வேண்டும்.

அடுத்தது: உங்கள் நாளைக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை எழுதாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நல்ல நாய் வளர்ப்பாளர்கள்தான். சில்க் போர்டு நெரிசலில் மாட்டி எட்டரை மணிக்கு வீடு திரும்புகிறவர், அதற்கு மேல் ஒரு மணி நேரம் நாயோடு வேலை செய்வாரா? மழை பெய்யும் ஆகஸ்ட் மாத இரவில்? வளர்ந்த மாலினாய்ஸுக்குத் தினமும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், உங்கள் முழுக் கவனத்தோடு, வேண்டும். நாயை நடத்திவிட வருகிற பையன் கையில் போனோடு இருபது நிமிடம் சுற்றி வருவது இந்தக் கணக்கில் சேராது.

வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா இரண்டு மூன்று மாதம் வந்து தங்குவார்கள் என்றால், 28 கிலோ நாய் திடீரென்று கயிற்றை இழுத்தால் அவர்கள் கதி என்ன என்பதையும் யோசியுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அந்த நாயைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் வீடே ஸ்தம்பித்துவிடும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். இதற்கு முன் நாயே வளர்க்காதவர், இருவரும் வேலைக்குப் போகிற தம்பதி, ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருப்பவர்: மாலினாய்ஸ் வேண்டாம், பார்டர் கோலியும் வேண்டாம். தினம் ஓடுகிற பழக்கமும் சுற்றுச்சுவர் உயரமான தனி வீடும் இருந்தால் சிப்பிப்பாறை அல்லது முதோள் மிகப் பொருத்தம். இந்த ஊர் தட்பவெப்பம், உணவு, வைத்தியச் செலவு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். நாய்ப் பயிற்சியையே பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளப் போகிறவர், வாரத்தில் சில நாட்களாவது மைதானத்துக்குப் போகிறவர், மாலினாய்ஸைப் பற்றி யோசிக்கலாம். மற்ற பெரும்பாலானோருக்கு நல்ல குடும்பத்து ஜெர்மன் ஷெப்பர்டோ, துறுதுறுப்பான தெரு நாய்க் குட்டியோ போதுமானதை விட அதிகம்.

கனகபுரா ரோட்டுப் பக்கம் தரளு என்ற ஊரில் சி.ஆர்.பி.எஃப்பின் நாய் இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நக்சல் பகுதிகளுக்குப் போகும் மாலினாய்ஸ்கள் அங்கேதான் தயாராகின்றன. அங்கே நாயோடு வேலை செய்வதுதான் ஒரு மனிதனின் முழுநேர வேலை. வேலை முடிந்தால் நாய்க்கு அமைதியான கூண்டும் ஓய்வும் உண்டு. அந்த நாயின் வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஏற்பாட்டை விட்டுவிட்டால் எப்படி?

குட்டி வாங்கும் இடம்

2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய் நாய் பதினெட்டு மாதம் ஆகாமல் ஈனக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதுமே பேச்சை மாற்றுகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

விற்பவர்களின் மொழி ஒன்று இருக்கிறது. "ஹெவி போன் (எலும்பு) சார்", "சாம்பியன் லைன்", "ஷோ குவாலிட்டி", "பேப்பர் வேணாம்னா ரேட் கம்மி பண்ணித் தரேன்". கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழுக்குக் குட்டியின் மைக்ரோசிப் எண் வேண்டும். பேப்பரில் உள்ள எண்ணும் குட்டியின் தோளில் ஸ்கேன் செய்தால் வருகிற எண்ணும் ஒன்றா என்று கால்நடை மருத்துவரிடம் சரிபாருங்கள். ஆனால் பேப்பர் குலத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது.

குணம் தெரிய வேண்டுமென்றால் தாயைப் பாருங்கள். வேலை நாய் விஷயத்தில் இதைத் தவறவே விடக் கூடாது. "தாய் பண்ணையில இருக்கு, போட்டோ அனுப்பறேன்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் உங்களைக் கண்டு குரைப்பதில் தப்பில்லை. விற்பவர் அறிமுகம் செய்ததும் இரண்டு நிமிடத்தில் அடங்குகிறதா, இல்லை கட்டில் அடியில் பதுங்கி உறுமுகிறதா என்பதைக் கவனியுங்கள். பயந்த தாயின் குட்டிகள் பயந்தே வளரும், பயந்த மாலினாய்ஸ் கடிக்கும். பெற்றோர் இருவரின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேயையும் கேளுங்கள்.

குட்டிகளுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுங்கள். சத்தம் கேட்டு எல்லாக் குட்டியும் துள்ளும். அதற்குப் பிறகு நடப்பதுதான் பரீட்சை. ஒன்று மூலையில் போய் ஒடுங்கி வெளியே வராது. ஒன்று பாய்ந்து வந்து தட்டையே கடித்து இழுக்கும்; கூடப் போயிருக்கும் நண்பர் "இதுதான்டா நம்ம குட்டி" என்பார். இரண்டையும் விடுங்கள். கொஞ்சம் தயங்கி, கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்து, தட்டைச் சுற்றி நடந்துவிட்டு உங்கள் காலடிக்கு வந்து உட்காருகிறதே, வீட்டுக்கு அதுதான். வெள்ளை ராஜபாளையம் வாங்குவதானால் குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கை தட்டியும் பாருங்கள். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உண்டு.

முன்பணம் போன்பேயில், குட்டி பஸ் பார்சலில் என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி வாங்க ஊர்ப்பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களையே நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முதோளுக்கு பாகல்கோட்டை மாவட்டம் திம்மாபூரில் பீதர் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நாய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி: வளர்ந்த நாயை எடுப்பது. எட்டு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை வேலை நாய்கள் தங்கள் விடலைப் பருவத்தில் வீட்டைக் கலக்கும். அப்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். 1991-லிருந்து இந்த ஊரில் இயங்கும் கூபா போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் இப்படி வந்த நல்ல இன நாய்கள் இருக்கும். இரண்டு வயது நாய் என்றால் அதன் குணம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

வந்த முதல் இரண்டு மாதம்

ஆறு முதல் எட்டு வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி. எல்லா ஊசியும் முடியும்வரை குட்டியைத் தெருத் தரையில் விட வேண்டாம் என்பது சரி. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது சரியல்ல. உலகம் ஆபத்தில்லை என்று குட்டி கற்றுக்கொள்ளும் ஜன்னல் ஏறக்குறைய பதினான்கு வாரத்தில் சாத்திக்கொள்ளத் தொடங்கும். அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். அல்சூர் மார்க்கெட் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பி.எம்.டி.சி பஸ்ஸையும் ஆட்டோவையும் பார்க்கட்டும். லிஃப்ட், ஹெல்மெட் போட்ட ஆள், ரெயின்கோட், குக்கர் விசில், மிக்ஸி எல்லாவற்றையும் ஒரு துண்டு வேகவைத்த கோழியோடு அறிமுகம் செய்யுங்கள். விநாயகர் சதுர்த்தி தமட்டைச் சத்தத்தை போனில் மெதுவாக வைத்து, நாளுக்கு நாள் கூட்டுங்கள். செப்டம்பர் வந்தால் அந்த மேளம் எப்படியும் உங்கள் தெருவுக்கு வரத்தான் போகிறது.

மாலினாய்ஸ் குட்டியின் வாய் சும்மா இருக்காது. கையைக் கடித்தால் கத்தவோ மூக்கில் தட்டவோ வேண்டாம், இரண்டுமே அதற்கு விளையாட்டு. கடிக்கத் தகுந்த பொருளை வாயில் கொடுங்கள். அதையும் விட்டுவிட்டுக் கையைத்தான் கடிப்பேன் என்று அடம் பிடித்தால், அநேகமாகக் குட்டிக்குத் தூக்கம் போதவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். கூண்டில் விட்டு மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்துங்கள், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

சும்மா இருக்கக் கற்றுக்கொடுங்கள்

உட்கார், படு, வா என்பதெல்லாம் எந்த நாய்க்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை நாய்க்கு வராத பாடம். பெரும்பாலானோர் நேர் எதிராகச் செய்கிறார்கள்: நாய் துள்ளுகிறது, அதனால் இன்னும் ஓடவிடுகிறார்கள். அரை மணி நேரம் பந்து எறிந்தார்கள், அடங்கவில்லை. ஒரு மணி நேரம் எறிந்தார்கள். ஆறு மாதத்தில் கிடைப்பது களைத்த நாய் அல்ல, இரண்டு மணி நேரம் ஓடினாலும் களைக்காத விளையாட்டு வீரன். அவனுக்கு வீட்டுக்குள்ளும் அணைக்கும் சுவிட்ச் கிடையாது.

செய்ய வேண்டியது இது. ஒரு பாய் அல்லது மடித்த ஜமக்காளத்தை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுங்கள். நாய் தற்செயலாக அதில் கால் வைத்தாலும் ஒரு துண்டு கோழி பாயின் மேலேயே விழட்டும். கையில் கொடுக்காதீர்கள், கையில் கொடுத்தால் கண் உங்கள் கையிலேயே இருக்கும். பாயில் படுத்ததும் முன்னங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. பிறகு காத்திருங்கள். முதலில் இறுக்கமாக, எந்த நேரமும் எழத் தயாராகப் படுத்திருக்கும். சில நிமிடத்தில் இடுப்பு ஒரு பக்கம் சரியும். அதுதான் நீங்கள் தேடுவது, சத்தமில்லாமல் ஒரு துண்டு வையுங்கள். தாடை தரையைத் தொட்டால் இன்னொன்று. பெருமூச்சு விட்டால் இன்னொன்று. "குட் பாய்" என்று உற்சாகமாகக் கூவினால் எழுந்துவிடும், ஆகவே வாயைத் திறக்க வேண்டாம்.

முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். அப்புறம் நீங்கள் லேப்டாப்பில் தட்டும்போது, அப்புறம் ஒருவர் கதவு வரை போய் வரும்போது, அப்புறம் காலிங் பெல் அடிக்கும்போது. ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் செய்யாமல், ஓட்டத்துக்கு முன்பும் ஒருமுறை செய்யுங்கள். களைத்தால்தான் அடங்குவேன் என்று நாய் கற்றுக்கொள்ளக் கூடாது. நாலைந்து மாதம் விடாமல் செய்த வீடுகளில் மீட்டிங் நேரத்து மாலினாய்ஸ் மேஜைக்கடியில் குறட்டை விடும். இதைத் தவிர வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள் என்பேன்.

வேலை கொடுப்பது

ஓட்டத்தை விட மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் சீக்கிரம் நிறைவடையும். இதற்குச் சமையலறையே போதும். ஒரு சின்ன டப்பாவில் ஓட்டை போட்டு இரண்டு கிராம்பைப் போடுங்கள். நாய் டப்பாவை மோந்ததும் டப்பாவுக்குப் பக்கத்திலேயே தீனி. அது புரிந்ததும் மூன்று காலி டப்பாக்களுக்கு நடுவே வையுங்கள். பிறகு செருப்பு ஸ்டாண்டில், திரைச்சீலைக்குப் பின்னால், மாடிப்படி வளைவில், பேஸ்மென்ட்டில் காரின் சக்கரத்தடியில். பத்து நிமிடம் உண்மையாகத் தேடிய நாய்க்கு நாக்கு தொங்கிவிடும். மழைக்காலத்தில் இது உயிர் காக்கும் விளையாட்டு. உங்கள் உயிரைச் சொல்கிறேன்.

கயிறு இழுக்கும் விளையாட்டு மாலினாய்ஸுக்கு மிகவும் பிடிக்கும், அதையே சம்பளமாகப் பயன்படுத்தலாம். "விடு" என்றால் விட வேண்டும், விட்டால் உடனே மறுபடி விளையாட்டு கிடைக்கும் என்ற ஒப்பந்தம் மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். எலும்பு முற்றும் வரை, ஏறத்தாழ பதினைந்து மாதம் வரை, தாவிக் குதிப்பதும் சைக்கிளோடு ஓடுவதும் வேண்டாம்.

நடைக்கு விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம். வெயில் ஏறிய பிறகு புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. கப்பன் பார்க்கில் கயிற்றோடு கூட்டிப்போகலாம். 2022-ல் அங்கே நாய்களைத் தடை செய்யப் பேச்சு எழுந்து, எதிர்ப்பு வந்து நின்றது, அதனால் அள்ளும் பையை மறக்காமல் கொண்டுபோங்கள். லால்பாக்கில் நாய்களுக்கு அனுமதியில்லை. லேஅவுட்டில் காலி சைட் இருந்தால் பத்து மீட்டர் நீளக் கயிற்றில் விட்டு "வா" என்ற பாடத்தைப் பழக்கலாம். கயிறில்லாமல் விடுவது இந்த ஊரில் எந்த வேலை நாய்க்கும் சரிப்படாது.

தெரு நாய்கள் பெங்களூரு நடையின் பெரிய சிக்கல். உங்கள் பாதையில் எந்தக் கூட்டம் எங்கே இருக்கும், யார் சோறு போடுகிறார்கள் என்று தெரிந்து வையுங்கள். சோறு போடுகிறவரோடு பழகினால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த நாய்கள் உங்களையும் அவருடைய ஆளாகப் பார்க்கும். எதிரே வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். உங்கள் நாய்க்குக் கூடைபோல இருக்கும் வாய்மூடியைச் சின்ன வயதிலேயே தீனியோடு பழக்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு நாயால் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வெயிலில் ஆபத்து.

பயிற்சியாளர் வைப்பதானால் அவருடைய வகுப்பை ஒருநாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். "ரெண்டு மாசம் எங்ககிட்ட விட்டுடுங்க, ரெடி பண்ணித் தரோம்" என்பது நல்ல வியாபாரம். நாய் அவர் சொன்னதைக் கேட்கும், உங்கள் வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். முள் காலரையும் ஷாக் காலரையும் முதல் நாளிலேயே எடுக்கிறவரிடம் போக வேண்டாம்.

சாப்பாடு

28 கிலோ எடையுள்ள, நன்றாக வேலை செய்யும் நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,700 கிலோகலோரி வேண்டும். நல்ல உலர் தீனியில் அது ஏறத்தாழ 450 கிராம். இரண்டு வேளையாகப் பிரியுங்கள். அதில் பாதியைத் தட்டில் போடாமல் பயிற்சியிலும் தேடலிலும் சம்பாதிக்க வையுங்கள்.

வீட்டுச் சாப்பாடும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சோறும் கோழியும் மட்டும் என்றால் கால்சியம் போதாது, வளரும் குட்டியின் கால் வளைந்துவிடும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். மாறாக, குட்டிகளுக்கான முழுத் தீனி கொடுக்கிறவர்கள் பாசத்தில் கால்சியம் டானிக்கும் ஊற்றுவார்கள். அதுவும் எலும்பைக் கெடுக்கும். தயிர்சாதம் கொஞ்சம், ராகி கொஞ்சம், முட்டை, பூசணி எல்லாம் ஒத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகவே ஆகாது. பாயசத்து உலர் திராட்சையும் இதில் அடக்கம். சாப்பிட்டதும் ஓட்டம் வேண்டாம். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளலாம். வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உடம்பு

பெங்களூருவில் நாய்க்கு முதல் எதிரி உண்ணி. வருடம் முழுக்க இருக்கும். அது கடித்துப் பரப்பும் டிக் ஃபீவரில் முதலில் நாய் கொஞ்சம் சோர்வாக இருக்கும், ஒரு வேளை சாப்பிடாது. வேலை நாய்கள் வலியை வெளியே காட்டாது, அதனால் அந்த ஒரு வேளையை அலட்சியம் செய்யாதீர்கள். காய்ச்சல் பாருங்கள்: 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. அதற்கு மேல் என்றால் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் நாலு வாரம் எழுதிக் கொடுத்தால் நாலாவது நாளே நாய் துள்ளினாலும் நாலு வாரமும் கொடுங்கள். மாதம் ஒருமுறை அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. தினமும் காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

பார்டர் கோலி போன்ற கோலி வகைகளில் சிலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றத்தால் ஐவர்மெக்டின் மருந்து மூளையைத் தாக்கும். சொறிக்கும் உண்ணிக்கும் இங்கே அந்த ஊசியைச் சர்வ சாதாரணமாகப் போடுகிறார்கள். ஊசி போடும் முன் நீங்களே இனத்தைச் சொல்லிவிடுங்கள். சிப்பிப்பாறை, முதோள் போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்குக் கொழுப்பு குறைவு, மயக்க மருந்து விஷயத்தில் கவனம் தேவை. அறுவை சிகிச்சைக்கு முன் அதைப் பற்றிப் பேசுங்கள். மழைநீர் தேங்கிய இடங்களில் எலி மூத்திரம் வழியாக லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் பரவும், அதற்கும் ஊசி உண்டு. பெரிய சிக்கல் எதுவானாலும் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வெயில் தாக்குதல்தான் மாலினாய்ஸை அநியாயமாகக் கொல்வது. பந்து கையில் இருக்கும்வரை அது ஓடும், நிறுத்த வேண்டியது நீங்கள். நாக்கு அகன்று ஓரம் சுருண்டால், ஈறு செங்கல் நிறமானால், நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.

அசோசியேஷன், லிஃப்ட், சட்டம்

விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ, லிஃப்டுக்குத் தடை போடவோ முடியாது. 2024-ல் மத்திய அரசு இருபதுக்கும் மேற்பட்ட இனங்களுக்குத் தடை கேட்டு அனுப்பிய சுற்றறிக்கையை கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே சமயம், நாயைக் கவனமில்லாமல் வைத்திருந்து பிறருக்கு ஆபத்து நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மாநகராட்சி உரிமம் எடுத்து, ரேபிஸ் சான்றிதழோடு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பேசுவதை விட லிஃப்ட் காலியாகும் வரை காத்திருப்பது பலன் தரும். பயப்படுகிற அக்கம்பக்கத்தாரிடம் "ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி" என்று சொல்வதில் அர்த்தமில்லை, அவருக்கு அது தெரியாதே. "நீங்க போங்க ஆன்ட்டி, நாங்க அடுத்ததுல வரோம்" என்று சொல்லி, நாயைச் சுவரோரம் உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் அவரே நாயின் பேர் கேட்பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதை முதல் வருடமே ஒத்திகை பார்த்துவிடுங்கள். ரயிலில் ஏசி முதல் வகுப்பின் முழு கூப்பேயையும் எடுத்தால்தான் நாய் உங்களோடு வர முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு, அது வேலை நாய்க்கு நரகம். காரில் போவதே மேல். கூண்டைப் பின்சீட்டில் கட்டி, முதலில் ஓசூர் வரை போய்த் திரும்புங்கள், அடுத்த முறை கிருஷ்ணகிரி. விட்டுவிட்டுப் போவதானால் போர்டிங்கில் முன்கூட்டியே ஓர் இரவு மட்டும் தங்க வைத்து, மறுநாள் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆறடிச் சுவரைக்கூடத் தாண்டி ஓட முடியும் என்று அவர்களிடம் எழுதியே கொடுங்கள்.